பார்க்கலாம் என்றொரு சொல்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என் இடது முழங்காலைத் தவிர. அது எப்போதும் போல என் பேச்சைக் கேட்காமல் தனி வழியில் போகிறது. நீ போன ஊரில் குளிர் எலும்புவரை இறங்கும் என்று அத்தான் பேப்பரில் படித்துச் சொன்னார். கம்பளிச் சட்டையைப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு ஸ்டைலாக நடுங்காதே. எடுத்துப் போட்டுக்கொள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ "உம்" கொட்டியே தப்பித்துவிடுகிறாய். கடிதத்தில் ஒரு பக்கம் முழுக்க "உம்" என்று எழுத முடியாது. அதனால்தான் கடிதம்.

தொழிற்பேட்டை முழுக்க உன் பேச்சுதான். நம் மாநில அரசு வெளிநாட்டில் திறக்கிற முதல் வணிக அலுவலகம், அதற்கு முதல் அதிகாரி கதவுக் கீல் பட்டறை அம்மாவின் தம்பி என்று தாழ்ப்பாள்காரர் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எத்தனையோ வீட்டுக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் செய்து கொடுக்கிற மனிதர், தன் வாய்க்கு ஒன்று செய்துகொள்ளவில்லை.

போன வாரம் எங்கள் சங்கக் கூட்டத்துக்கு உங்கள் தொழில்துறைச் செயலாளரே வந்திருந்தார். தலைவி என்கிற முறையில் நான்தான் வரவேற்றேன். அந்த நாட்டில் வீடுகளாகக் கட்டிக் குவிக்கிறார்களாம். பூட்டு, தாழ்ப்பாள், கீல் எல்லாவற்றையும் நம் சிறு பட்டறைகளிடம் வாங்க வைப்பது, பதிலுக்கு அவர்களுடைய மெஷின்களை இங்கே கொண்டுவருவது, இதுதான் உன் வேலையாம். ஒரு வருஷத்துக்குள் ஒப்பந்தம் ஆகாவிட்டால் அலுவலகத்தை மூடிவிடுவோம் என்றும் சொன்னார். எனக்கு அதில் கவலை இல்லை. நீ சின்ன வயதிலேயே பக்கத்து வீட்டுப் பையன்களிடம் உடைந்த பம்பரத்தைக் கொடுத்துவிட்டு நல்ல பந்தை வாங்கி வந்தவன்.

நமக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். முதல் சுற்றில் எடுக்கப்போகிற பட்டறைகளில் நம் பட்டறையும் இருக்குமா? ஆம், இல்லை, ஒரு சொல்லில் எழுது.

பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற கம்பெனிக்காரர்கள் வந்திருந்தார்கள். மடிப்புக் கதவுக்கு ஆளுயரக் கீல் வேண்டுமாம். அதற்குப் புதிதாக அச்சு வெட்ட வேண்டும். உன் வேலை வந்தால் அதற்கும் ஆள் வேண்டுமே என்று யோசித்து, பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். இப்போதைக்குப் பட்டறையில் சத்தம் குறைவு. ரேடியோ நன்றாகக் கேட்கிறது என்று அத்தானுக்குச் சந்தோஷம்.

வேளைக்குச் சாப்பிடு. மீதி உன் பதில் பார்த்து.

அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கு என் விசாரிப்பைச் சொல்லவும். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. மூக்கு மட்டும் வந்த நாளிலிருந்து ஒழுகிக்கொண்டிருக்கிறது. கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருக்கிறது. மரப்படி, செங்குத்து. ஒரு மேஜை, நான்கு நாற்காலி, சுவரோடு ஒட்டிய ஹீட்டர். காலையில் போட்டதும் யாரோ உள்ளேயிருந்து தட்டுவது போல அது டொக் டொக்கென்று தட்டும். கதவோ ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அழுகிறது. கீல்காரியின் தம்பிக்கு அழுகிற கதவு வாய்த்திருக்கிறது, எண்ணெய்க்கும் மசியவில்லை.

எனக்கு ஒரு மொழிபெயர்ப்பாளனைக் கொடுத்திருக்கிறார்கள். இந்த நாட்டுப் பையன். நம் மொழியைப் பல்கலைக்கழகத்தில் படித்தவன், நம் பக்கம் கால் வைத்ததே இல்லை. அவனுக்கு "அகராதி" என்று பெயர் வைத்திருக்கிறேன். அகராதி பிடித்தவன் என்றால் திமிர் பிடித்தவன் என்று நினைக்காதே. இவன் நிஜமாகவே எப்போதும் ஒரு அகராதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அன்றைக்கு ஒரே சந்தேகத்தை நாலு தடவை கேட்டான் என்று, "உயிரை வாங்காதப்பா" என்றேன். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு உறுதி சொன்னான்.

இந்த நாட்டு வணிகத் துறையின் இயக்குநர் ஒரு அம்மாள். நம் பூட்டுக்காரர் கொடுத்த சாம்பிளை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். கூட்டம் நடக்கும்போதெல்லாம் அதை எடுத்துத் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறார். காகிதத்தில் எழுதியிருப்பதை நம்புகிற ஆள் இல்லை, விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. காரியம் ஆகிவிடும் அக்கா, அவர் கை சொல்கிறது.

பட்டறையைப் பற்றிக் கேட்டிருந்தாய். பார்க்கலாம்.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

மூக்குக்கு ஆவி பிடி. முழங்கால் உன் விசாரிப்பைக் கேட்டுக்கொண்டது, பதில் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு சொல்லில் எழுது என்றேன். ஒரு சொல்லில்தான் எழுதியிருக்கிறாய், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் உன் "பார்க்கலாம்" எனக்குப் புதிதா? மெடிக்கல் படிக்கிறாயா என்று அப்பா கேட்டதற்குப் பார்க்கலாம் என்றாய். நாலு வருஷம் கழித்துத்தான் அது இல்லை என்று அவருக்குப் புரிந்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோது பார்க்கலாம் என்றாய். அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், மூத்தவன் பள்ளிக்கூடம் போகிறான். உன் வாயில் "இல்லை" என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. யார் மனதையும் நோகடிக்காமல் எல்லோரையும் காத்திருக்க வைத்துவிடுவாய்.

சரி, விடு. நான் மறுபடி கேட்கப்போவதில்லை.

அத்தான் பட்டறைப் பின்சுவருக்குத் தானே வெள்ளையடித்தார். இரண்டு பையன்களும் பிரஸ் மெஷின்களைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார்கள். பளபளவென்று இருக்கின்றன. இப்படியெல்லாம் செய்ய முன்பு நேரமே கிடைத்ததில்லை.

அந்த அகராதிப் பையனை எனக்குப் பிடித்துவிட்டது. அவனிடம் பார்த்துப் பேசு.

அக்கா


மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

மூக்கு நின்றுவிட்டது. நீ சொன்ன ஆவிதான் காரணம். அத்தானுக்குக் காது இரைச்சல் எப்படி இருக்கிறது?

இந்தக் கடிதத்தை நீ உட்கார்ந்துகொண்டு படிக்க வேண்டும், அவ்வளவு நல்ல சேதி. நேற்று பெரிய கூட்டம். நீளமான மேஜை, அந்தப் பக்கம் ஏழு பேர், இந்தப் பக்கம் நானும் அகராதியும். இரண்டு தரப்பும் அவரவர் மொழியில்தான் பேச வேண்டும் என்பது இங்கே மரபு. எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, கையெழுத்துப் போடும் முன்பே பட்டறைகளை நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றார் இயக்குநர் அம்மாள்.

நம் பொதுச் சோதனைக் கூடத்துக்கு இன்னும் கரண்ட்டே வரவில்லை என்பது உனக்குத் தெரியும். முதலில் கையெழுத்து, அப்புறம்தான் விருந்தாளிகள் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லவும் கூடாது. நிதானமாகத் தண்ணீர் குடித்தேன். சிரித்தேன். "பார்க்கலாம்" என்றேன்.

அகராதி மொழிபெயர்த்தான். அம்மாள் முகம் மலர்ந்து, எழுந்து வந்து கை கொடுத்தார். அந்த ஏழு பேரும் தலையாட்டினார்கள். அதற்கப்புறம் அந்தப் பேச்சே எழவில்லை. என் "பார்க்கலாம்" அப்பாவிடம் செல்லுபடியானதோ இல்லையோ, வெளிநாட்டில் செல்லுபடியாகிறது பார். பிடி கொடுக்காமல் பேசுவதும் ஒரு திறமைதான் அக்கா.

தம்பி


ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வருவதற்குள் எழுதுகிறேன். உடம்பெல்லாம் அப்புறம் விசாரிக்கிறேன், மன்னித்துக்கொள்.

இயக்குநர் அம்மாளும் இரண்டு அதிகாரிகளும் அகராதியும் மே மாதம் நம் தொழிற்பேட்டைக்கு வருகிறார்கள். டிக்கெட் வாங்கியாகிவிட்டது. தகவலைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நான் எப்பப்பா வரச் சொன்னேன்?" என்று அகராதியைக் கேட்டேன்.

"பார்க்கலாம் என்று உரைத்தீர்கள் ஐயா. பார்ப்பதற்கு அனுமதி உண்டு என்பதே அதன் பொருள்," என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். உள்ளே வரலாம் என்றால் வர அனுமதி, அமரலாம் என்றால் அமர அனுமதி, அப்படியென்றால் பார்க்கலாம் என்றால் என்ன ஐயா என்று கேட்கிறான். நாற்பது வருஷமாக நான் சொல்லிவரும் சொல்லின் அர்த்தத்தை என்னிடமே படித்துக் காட்டிவிட்டான்.

செயலாளர் போனில் பிடிபிடியென்று பிடித்தார். நானும் கூட வருகிறேன் என்றதற்கு, "நீங்க அங்கேயே இருங்க. நீங்க வாயைத் திறந்தா இன்னும் யாராவது டிக்கெட் வாங்கிடுவாங்க" என்றார். இந்த வருகை சொதப்பினால் ஒப்பந்தமும் இல்லை, அலுவலகமும் இல்லை என்றும் சொன்னார்.

சங்கத் தலைவி நீ. பூட்டுக்காரர், தாழ்ப்பாள்காரர், இன்னும் நாலு பட்டறைகள், எல்லாரையும் நீதான் தயார் செய்ய வேண்டும். என்னால் இங்கிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்க மட்டும்தான் முடியும். உன்னை நம்பியிருக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் உட்பட இங்கே அனைவரும் நலம். உன் கடிதத்தை அத்தானுக்குச் சத்தமாகப் படித்தேன். அவர் சிரித்த சிரிப்பில் காது இரைச்சல் விட்டுப்போயிற்று.

இனிமேல் நீ கவலைப்படாதே. மின்வாரியப் பொறியாளர் ஆபீஸில் இரண்டு நாள் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை, பெஞ்சில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினேன். மூன்றாம் நாள் சோதனைக் கூடத்துக்குக் கரண்ட் வந்துவிட்டது. பூட்டுக்காரர் தன் பட்டறையில் இருந்த பழைய இரும்புக் குவியலை அப்புறப்படுத்தினார். குவியலுக்குக் கீழே ஒரு ஜன்னல் இருந்தது, அவருக்கே தெரியாதாம். தாழ்ப்பாள்காரரிடம் ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருக்கிறேன், விருந்தாளிகள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது. தினமும் வீட்டில் அவர் மனைவி பயிற்சி கொடுக்கிறார்.

ஆறு பட்டறைகள் பெயர் எழுதியிருந்தாய். என் பட்டறையைப் பற்றி எழுதவில்லை. நானும் கேட்பதாக இல்லை. அன்றைக்குக் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டுத்தான் அவர்களோடு நடப்பேன்.

அக்கா


மே 22

அன்புள்ள தம்பிக்கு,

வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். யாருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் இயக்குநர் அம்மாள் என் வயதுக்காரி போல இருக்கிறது. அவருக்கும் முழங்கால் வலி. படி ஏறும்போது இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்று ஒரே மாதிரி மூச்சு வாங்கினோம், அதிலேயே பாதி நட்பு வந்துவிட்டது. பூட்டுக்காரர் பட்டறையில் பூட்டைத் தரையில் போட்டுப் போட்டு எடுத்துத் திறந்து பார்த்தார். சோதனைக் கூடத்தில் தாழ்ப்பாளை மெஷினில் மாட்டி, அது எப்போது உடையும் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அது உடையவே இல்லை. தாழ்ப்பாள்காரர் பெருமையில் பொங்கினாலும் வாயைத் திறக்கவில்லை. அன்று அவர் பட்ட அவஸ்தையை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது.

எல்லாம் முடிந்து காருக்குத் திரும்பும் வழியில் நம் பட்டறை. கதவு பூட்டியிருந்தது. அம்மாள் நின்றார். எட்டடி இரும்புக் கதவு, ஒற்றை விரலால் அதன் கீலைத் தடவிப் பார்த்தார். அகராதியிடம் ஏதோ கேட்டார்.

"இக்கதவின் பின்னால் யாது உள்ளது, அம்மையே?" என்றான் அகராதி.

"கீல் பட்டறை. என்னோடது."

அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். பிறகு, காண இயலுமா என்று கேட்டான்.

நான் "பார்க்கலாம்" என்றேன்.

அவ்வளவுதான். அம்மாள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கதவுக்கு நேராக வந்து நின்றார். திறக்காமல் என்ன செய்வது? உள்ளே ஒரு கீலை எடுத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து, விரித்து மடக்கி விரித்து மடக்கி நெடுநேரம் நின்றார். சத்தம் தேடியிருப்பார் போல, கிடைக்கவில்லை. கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். மெஷின்களில் பாதி துணி போர்த்தி இருந்தன. இவை உறங்குகின்றனவா என்று அகராதி கேட்டான். ஆமாம் என்றேன்.

நல்ல பையன். கிளம்பும்போது என் காலைத் தொடவா, கையைக் கொடுக்கவா என்று தெரியாமல் இரண்டையும் பாதிப் பாதி செய்தான்.

உன் வேலை நல்லபடி முடியும்.

அக்கா


ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் புண்ணியத்தில் இங்கே எல்லார் முகத்திலும் வெளிச்சம். செயலாளர் போன் செய்து, உங்க அக்காவை என் இடத்துல உட்கார வைக்கலாம் என்றார். ஒப்பந்தம் அடுத்த மாதம் கையெழுத்தாகிறது.

உன் கீல் இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. அம்மாள் கொண்டுவந்து வைத்துவிட்டு, இவர்கள் பெயர் ஏன் உங்கள் ஆறு பெயர்களில் இல்லை என்று கேட்டார். அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இரண்டு கேள்விகள் அக்கா. அகராதி அந்தச் சொல்லை எப்படி எடுத்துக்கொள்வான் என்பது உனக்கு என் கடிதத்திலேயே தெரியும். தெரிந்துதான் சொன்னாயா? மெஷின்கள் ஏன் தூங்குகின்றன?

தம்பி


ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறது என்று அத்தான் போனில் சொன்னார். வேறு எதைக் கேட்டாலும் "உம்" கொட்டினார். நம் வீட்டு வியாதி அவருக்கும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

நேற்றுக் கடைசிக் கூட்டம். அம்மாள் கீலை மேஜைமேல் வைத்து, இந்தப் பட்டறையைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று நேராகக் கேட்டார். எனக்கு வாயில் அந்தப் பழைய சொல்தான் வந்து நின்றது. விழுங்கிவிட்டு, "இல்லை" என்றேன்.

அகராதி என்னைத் திரும்பிப் பார்த்தான். என் வாயிலிருந்து அதை அவன் கேட்டதே இல்லையே. இப்போதைக்கு இல்லையா, எப்போதும் இல்லையா என்று மெல்லக் கேட்டான்.

"இல்லன்னா இல்லப்பா. அது என் அக்காவோட பட்டறை. நான் இந்த நாற்காலியில இருக்கற வரைக்கும் இல்லை. அப்படியே சொல்லு."

சொன்னான். அம்மாள் கீலை என் பக்கம் தள்ளிவைத்தார். "இன்றுவரை நீங்கள் எல்லாவற்றுக்கும் சம்மதிக்கிறீர்களே என்று பயமாக இருந்தது, இனிமேல் உங்கள் சம்மதத்தை நம்பலாம்" என்றார். அகராதி எனக்கு அதை ஒரு பக்கமும் புரட்டாமல் மொழிபெயர்த்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோம். பூட்டு, தாழ்ப்பாள், மீதி நான்கு பட்டறைகளின் சரக்கு, எல்லாம் வருகிற வருஷத்திலிருந்து கப்பலேறும். கீலுக்கு வேறு மாவட்டத்துப் பட்டறை ஒன்றைச் செயலாளரே தேர்ந்தெடுத்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைச் சொல்லாமல் மென்று விழுங்கியதுதான் எனக்கு இத்தனை நாள் தொண்டையில் நிற்கிறது. இந்த வேலையை ஒப்புக்கொண்ட அன்றே, என் அக்கா பட்டறை இதில் வராது என்று நானே செயலாளரிடம் சொல்லிவிட்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். அது சரியென்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் ஜனவரியில் நீ கேட்டபோதே என்னிடம் பதில் இருந்தது. உன் முகம் வாடுவதை நினைத்து, பார்க்கலாம் என்று எழுதினேன். அது தப்பு. உன்னை ஆறு மாதம் காக்க வைத்தேன், அதற்காக வெட்கப்படுகிறேன்.

நீ ஒரு சொல்லில் கேட்டாய். இல்லை, அக்கா.

தம்பி


ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமா?

என்மேல் கோபமா? ஆம், இல்லை, ஒரு சொல்லில் எழுது.

தம்பி


செப்டம்பர் 16

அன்புள்ள தம்பிக்கு,

ஆம்.

ஒரு சொல்லில் கேட்டாய், சொல்லிவிட்டேன். இனி கோபம் எப்படிப் போயிற்று என்பதைச் சொல்கிறேன். முழங்காலைப் பற்றி இந்த முறை கேட்காதே, அதை விசாரிக்க எனக்கே நேரம் இல்லை.

உன் முதல் கேள்விக்குப் பதில், தெரிந்துதான் சொன்னேன். சாவி இடுப்பில் இருந்தது, கதவைப் பூட்டியது நான்தான், அதைத் திறக்க வைத்ததும் நான்தான். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்தச் சொல் என் நாக்கு நுனியிலேயே இருந்தது. தம்பிக்குத் தெரியாமல் தம்பி வழியாகவே உள்ளே நுழைந்துவிடலாம் என்று ஒரு ஆசை.

இரண்டாவது கேள்வி. நம்மிடம் கீல் வாங்கிவந்த வீட்டு வாரியத்துக் கான்ட்ராக்டர் போன வருஷமே வேறு இடத்தில் வாங்க ஆரம்பித்துவிட்டார். பட்டறை வாரத்தில் பாதி நாள்தான் ஓடியது. அதனால்தான் வெள்ளையடித்தோம், மெஷினைத் துடைத்தோம், ரேடியோ கேட்டோம். உனக்கு எழுதினால் உன் வேலை கெடும் என்று எழுதவில்லை. உன் "பார்க்கலாம்" என்றால் இல்லை என்று எனக்குத் தெரியும் என்று பெரிய மனுஷி மாதிரி எழுதினேனே, அது முழு உண்மை இல்லை. அந்தச் சொல்லில் முக்கால்வாசி இல்லை, கால்வாசி ஆம். அந்தக் கால்வாசியைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் பட்டறையில் ஒருத்தரையும் போகச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஜூலைக் கடிதத்தைப் படித்ததும் மடித்து அலமாரியில் போட்டுப் பூட்டினேன். நீ முதன்முதலாக "இல்லை" சொன்ன ஆள் நான்தானா என்று ஆத்திரமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து அத்தான், "இப்பவாவது அந்த பஸ்காரங்க கிட்ட ஒரு பதில் சொல்லுவியா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜனவரியில் உன்னிடம் ஆம், இல்லை கேட்ட அதே கடிதத்தில், அவர்களிடம் பார்க்கலாம் என்று சொன்னதாக எழுதியவள் நான்தானே. உனக்கு அந்த வியாதி யாரிடமிருந்து வந்தது என்று இத்தனை வருஷம் யோசித்ததில்லை.

மறுநாள் நானே போனேன். வேறு யாரோ செய்து கொடுத்த கீலைப் போட்டு ஒரு பஸ் நின்றது. கதவைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். "அம்மா, இதை உங்களால சத்தமில்லாம செய்ய முடியுமா?" என்று மேலாளர் கேட்டார். "முடியும்" என்றேன். அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு வாயே லேசாகிவிட்டது தம்பி. அச்சு வெட்டுவதில் மூன்று தடவை தோற்றோம், நாலாவது சரியாக விழுந்தது. அந்த வேலையில் இருந்ததால்தான் உனக்குப் பதில் எழுதவில்லை. கையில் ஒன்றும் இல்லாமல் எழுதினால் அழுகைக் கடிதமாகப் போயிருக்கும்.

முதல் பத்து பஸ் ரோட்டுக்கு வந்துவிட்டது, இன்னும் எண்பது இருக்கிறது. மெஷின்கள் எல்லாவற்றுக்கும் துணியை எடுத்துவிட்டோம். அத்தானுக்கு ரேடியோ கேட்கவில்லை, அவருக்குத்தான் வருத்தம்.

நீ செய்தது சரி. செய்தது சரி, சொல்லாதது தப்பு, இரண்டையும் நான் தனித்தனியாக வைத்துக்கொண்டேன். நீ அந்த நாற்காலியில் இருக்கும்வரை என் கீல் கடல் தாண்ட வேண்டாம். உனக்கு இன்னும் மூன்று வருஷம் நீட்டித்திருக்கிறார்கள் என்று தாழ்ப்பாள்காரர் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. நன்றாக இரு. என் கீல் நம் பஸ்களில் ஊர் சுற்றட்டும்.

லீவில் வருவாயா? எப்போது?

அக்கா


அக்டோபர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

மூக்கு, தொண்டை, மனசு மூன்றும் நலம். உன் கடிதத்தை அகராதிக்கும் படித்துக் காட்டினேன். "வாய் லேசாகிவிட்டது" என்பதைக் குறித்துக்கொண்டான், அகராதியில் இல்லையாம்.

அம்மாள் திருப்பிக் கொடுத்த உன் கீலை என் அலுவலகக் கதவுக்குப் போட்டுவிட்டேன். அரசாங்கக் கதவில் அக்காவின் கீல் இருக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அழுதுகொண்டிருந்தது மேல் கீல் மட்டும்தான். இப்போது ஆள் உள்ளே வந்து நின்ற பிறகுதான் தலை நிமிர்கிறேன்.

வருகிறேன். இருபத்தொன்றாம் தேதி காலை இறங்குகிறேன், டிக்கெட் வாங்கியாகிவிட்டது. கார் அனுப்பாதே, உன் பஸ்ஸில்தான் வருவேன். கதவுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்து சொல்கிறேன். நீயும் அத்தானும் நிறுத்தத்தில் நில்லுங்கள்.

அங்கே பார்க்கலாம், அக்கா. அகராதி சொல்லும் அர்த்தத்தில்.

தம்பி